108ஐ அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் என்ன செய்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கே வேலை என்று கேட்டால் ‘ஆம்புலன்ஸில்’ என்பேன். “வண்டி ஓட்டுகிறீர்களா?” என்பார்கள். இல்லை என்றால், “ஊசி போடுகிறவரா?” அதுவும் இல்லை. ஏழு வருடம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருந்த நான் அந்த ஏழு வருடத்தில் ஒருமுறைகூட ஆம்புலன்ஸில் ஏறியதில்லை. அதற்குமேல் கேட்பவர்கள் கல்யாணப் பந்தியிலும் ரயில் பயணத்திலும் என்னிடம் கேட்டவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டின் 108 சேவையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

வண்டியும் ஓட்டவில்லை, ஊசியும் போடவில்லை என்றால் இந்த வேலைதான் என்ன?

அழைப்பவரிடமிருந்து மூன்று விவரங்களை வாங்க வேண்டும். எங்கே, என்ன ஆயிற்று, தொடர்பு அறுந்தால் எந்த எண்ணில் திரும்பப் பிடிப்பது. பிறகு எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். வண்டி போய்ச் சேரும்வரை அழைத்தவரைக் கைவிடாமல் இருக்க வேண்டும். எழுதினால் மூன்று வரிகூட வராது.

அறையில் இது இரண்டு இருக்கைகளாகப் பிரிந்திருக்கும். ஒருவர் அழைப்பை எடுத்துப் பேசுவார். அவர் தட்டச்சு செய்வது இன்னொருவரின் திரையில் தெரியும். அவர்தான் வண்டியை அனுப்புபவர். வண்டியில் இரண்டு பேர். ஓட்டுநரை ‘பைலட்’ என்றும் மருத்துவ உதவியாளரை ‘இ.எம்.டி.’ என்றும் அழைப்போம். தேவைப்படும்போது இணைப்பில் வந்து ஆலோசனை சொல்ல மருத்துவரும் உண்டு. நான் முதலில் பேசும் இருக்கையில் இருந்தேன், பிறகு அனுப்பும் இருக்கைக்கு மாறினேன். முதல் இருக்கையில் காது வலிக்கும், இரண்டாவதில் கழுத்து வலிக்கும்.

108 எப்போது வந்தது? அதற்கு முன் என்ன செய்தார்கள்?

ஹைதராபாத்தில் 2005 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர் 15 அன்று வந்தது. அரசின் பணத்தில், அரசுக்காக, ஈ.எம்.ஆர்.ஐ. நிறுவனம் நடத்துகிறது. இன்று மாநிலம் முழுவதும் 1,300க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. அதற்கு முன்பு கிராமத்தில் ஆம்புலன்ஸ் என்றால் வாடகைக் கார், பால் வண்டி, டிராக்டர், கயிற்றுக் கட்டில்.

அவசரத்துக்கு என்று தனி எண் வைக்கும் யோசனை லண்டனிலிருந்து வந்தது. 1935இல் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புக்குப் போன் செய்தார். சாதாரண அழைப்புகளின் வரிசையில் அவருடைய அழைப்பும் காத்திருந்தது. அந்த விவகாரத்துக்குப் பிறகு 1937இல் வந்ததுதான் 999. முந்திக்கொண்டு எடுக்க வேண்டிய அழைப்பு எது என்று பிரித்தறிவது அன்று தொலைபேசி நிலையத்தின் பிரச்சினை. இன்று அது எங்கள் பிரச்சினை.

ஆள் சாகக் கிடக்கும்போது “எந்த மாவட்டம்?” என்று கேட்கிறீர்களே, இது என்ன நியாயம்?

என்னை அதிகம் திட்டவைத்த கேள்வி இதுதான். திட்டிய பலரும் என் தாயாரையும் சேர்த்துத் திட்டியிருக்கிறார்கள்.

மாநிலத்தின் எந்த மூலையிலிருந்து அழைத்தாலும் அழைப்பு சென்னைக்கு வருகிறது. அழைப்பவரோ பக்கத்துத் தெருவில் உள்ளவரிடம் பேசுவதாக நினைக்கிறார். “ஆத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சீக்கிரம் வாருங்கள்” என்பார். சேலத்தில் ஒரு ஆத்தூர் இருக்கிறது, திண்டுக்கல்லில் ஒன்று, திருச்செந்தூர் போகும் வழியில் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒன்று. ஆலங்குடி என்றால் புதுக்கோட்டையா, குருபகவான் கோவில் இருக்கும் திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியா? திருமங்கலம் மதுரைக்குப் பக்கத்திலும் உண்டு, சென்னை அண்ணா நகரை ஒட்டியும் உண்டு. புதூர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். காந்தி நகர், எம்.ஜி.ஆர். நகர், மேலத்தெரு, காலனி ஆகியவை ஊருக்கு ஒன்று. தலைவர்களின் பெயரை வைத்த நாள்களில் யாரும் எங்களை நினைத்துப்பார்க்கவில்லை.

போன் எந்த நொடியிலும் அறுந்துபோகலாம். நோய் என்னவென்று தெரியாமல் வண்டி அனுப்ப முடியும். இடம் தெரியாமல் அனுப்ப முடியாது. அதனால்தான் இடம் முதலில்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் இன்னொரு கேள்வி உண்டு: எந்தப் பக்கம்? நான்கு வழிச்சாலையில் சென்னை நோக்கிப் போகும் பக்கத்தில் விபத்து, வண்டி வருவது திருச்சி நோக்கிப் போகும் பக்கத்தில் என்று வையுங்கள். நடுவில் அரளிச்செடியும் தடுப்பும். கண்ணெதிரே கைகாட்டுகிறவர்களைத் தாண்டிப் போய், திரும்ப வழி இருக்கும் இடத்தில் திரும்பித்தான் வர வேண்டும். “சென்னை போகும் பக்கம், சுங்கச்சாவடியைத் தாண்டி, மைல்கல்லில் இந்த எண்” என்று ஒரு லாரி ஓட்டுநர் சொல்வார் பாருங்கள், காதில் தேன் பாயும். என் அனுபவத்தில் இடம் சொல்வதில் முதல் பரிசு லாரிக்காரர்களுக்கு, இரண்டாவது தபால்காரர்களுக்கு. கடைசி இடம், கார் ஓட்டத் தெரிந்தும் பலகை படிக்காதவர்களுக்கு.

செல்போன் இருக்கும் இடத்தைக் கணினி தானாகக் காட்டிவிடாதா?

கோபுரத்தை வைத்துக் கணித்தால் சில நேரம் ஒரு வட்டம் கிடைக்கும். அந்த வட்டத்துக்குள் மூன்று கிராமமும் ஒரு ஏரியும் இருக்கும். ஜி.பி.எஸ். வழியாகச் சரியான புள்ளியே கிடைத்தாலும் அது நான்காவது மாடியா தரைத்தளமா என்று சொல்லாது. அழைப்பவர் நோயாளியின் பக்கத்தில் இல்லாத சமயங்களும் உண்டு. சென்னையில் வேலை பார்க்கும் மகன், மதுரைப் பக்கம் தனியாக இருக்கும் அப்பாவுக்காக அழைப்பார். கணினி மகனைத்தான் காட்டும்.

கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் வண்டி தாமதமாகுமே?

ஆகாது. இதை மட்டும் எல்லோரும் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். இடம் தெரிந்து, அவசரம் என்று உறுதியானவுடன் பக்கத்து இருக்கைக்காரர் வண்டியைக் கிளப்புகிறார். அதன் பிறகு உங்களிடம் கேட்பதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்காக. கோபத்தில் நீங்கள் போனை வைத்துவிட்டால், வண்டியில் போகிறவர்கள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவது என்று தெரியாமல் இறங்குவார்கள்.

இதற்கு நன்றாகப் பேசத் தெரிந்தால் போதுமா?

பேசத் தெரிவதைவிடத் தமிழ் கேட்கத் தெரிய வேண்டும். மருத்துவச் சொற்களைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஜனங்கள் நோயைச் சொல்லும் விதத்தை அழைப்பு எடுத்துத்தான் கற்க வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் ஓர் இரவு விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி பேசினார். பேரனைப் பூச்சி கடித்துவிட்டது என்றார். எறும்பா, குளவியா என்று கேட்டேன். “பூச்சிதான் தம்பி, நீளமான பூச்சி” என்றார். பக்கத்து இருக்கையில் இருந்த மூத்த அக்கா என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “பாம்பு” என்று மட்டும் சொன்னார். கிராமத்தில் இருட்டிய பிறகு பாம்பை அதன் பெயரால் சொல்ல மாட்டார்கள், பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று. அன்றிலிருந்து இரவில் எந்தப் பூச்சி வந்தாலும் நீளம் கேட்பேன்.

‘மருந்து குடித்துவிட்டான்’ என்றால் காய்ச்சல் மருந்து அல்ல. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து. பட்டணத்துப் பையன் ஒருவன் புதிதாக வந்து, “எத்தனை மில்லி குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்?” என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த அழைப்பில் நாங்கள் அடித்துச் சொல்வது, உப்புக் கரைசல், புளிக்கரைசல் எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், புட்டியைக் கையோடு கொண்டுவாருங்கள் என்பதே. மனம் தளர்ந்து, அந்த எண்ணம் வரும்போதே பேச 104ம், 14416ம் இருக்கின்றன. இரண்டும் இலவசம்.

‘இழுக்கிறது’ என்ற ஒரு சொல்லுக்கு நான் நான்கு அர்த்தம் பார்த்திருக்கிறேன். கைகால் இழுத்தால் வலிப்பு. மூச்சு இழுத்தால் இளைப்பு. ‘ஒருபக்கம் இழுத்துக்கொண்டது’ என்றால் பக்கவாதம். அங்கே உடனே கேட்க வேண்டியது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதுவும் அந்த மணியிலிருந்துதான் கணக்கு. நான்காவது அர்த்தம், வயதானவர் படுத்திருக்கும் வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்லப்படுவது. அதற்கு விளக்கம் கேட்க மாட்டோம்.

‘மயக்கமாக இருக்கிறது’ என்பதும் ‘மயங்கிக் கிடக்கிறார்’ என்பதும் வேறு வேறு. முதலாவதை நோயாளியே சொல்லலாம். ‘வலி வந்துவிட்டது’ என்று ஓர் ஆண் குரல் பதறினால், கேட்கும் முன்பே எத்தனையாவது பிரசவம் என்ற கட்டத்துக்கு விரல் போய்விடும். ஒன்றுக்குமே உதவாத வாக்கியம், ‘உடம்புக்கு முடியவில்லை.’ இதை வைத்துக்கொண்டு சளியிலிருந்து மாரடைப்புவரை எதையும் சொல்லிவிடலாம், சொல்கிறார்கள்.

வண்டி வரும்வரை போனில் என்னதான் உதவி செய்துவிட முடியும்?

நெஞ்சு வலிக்காரரை நடக்க விடாதீர்கள், உட்காரவையுங்கள். பாம்பு கடித்த இடத்தைக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட காலை ஆட்டாமல் வையுங்கள். தீக்காயத்தில் பேனா மை, பற்பசை, தோசைமாவு வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். குழந்தை பிறந்துவிட்டால் துடைத்துத் தாயின் மார்பில் போட்டு மூடுங்கள், கொடியை நீங்கள் அறுக்க வேண்டாம். இவற்றைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகாது. அந்த வீட்டுக்குள்ளிருந்து ‘மாவு ஊற்று’ என்று கத்தும் பெரியவரைச் சமாளிக்கத்தான் மீதி நேரம்.

இதயம் நின்றுபோன அழைப்பு மட்டும் வேறு வகை. அதில் வண்டி போய்ச் சேருவதற்குள் முக்கால்வாசி விஷயம் முடிந்திருக்கும், நல்லதாகவோ கெட்டதாகவோ. கேட்பது இரண்டு கேள்வி: கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? ஒழுங்காக மூச்சு விடுகிறாரா? இரண்டாவதில்தான் ஏமாறுவோம். இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் மீன் வாயைத் திறப்பதுபோல நெடுநேரத்துக்கு ஒருமுறை ‘ஹா’ என்று இழுக்கும். வீட்டார் அதைப் பார்த்து “மூச்சு இருக்கிறது” என்பார்கள். அது மூச்சில் சேர்த்தியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படி ஓர் அழைப்பு. மாவு அரைக்கும் கடை. இயந்திரத்தை யாரும் நிறுத்தவில்லை, அந்த இரைச்சலுக்கு மேல் பெண் குரல், கல்லூரி வயது இருக்கும். அப்பா விழுந்துவிட்டார். முதலில் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொன்னேன். அப்பாவை மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல் இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்தச் சொன்னேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. விலா எலும்பு உடைந்துவிடுமோ என்று பயந்தாள். உடைந்தால் உடையட்டும் என்றேன். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, அவள் கூடவே எண்ணினாள். இருபதுக்குப் பிறகு அவள் குரல்தான் முன்னால் போனது. யாரோ வந்து “தண்ணீர் கொடுங்கள்” என்றார்கள். அவள் எண்ணுவதை நிறுத்தாமலேயே வேண்டாம் என்று அதட்டினாள். கை ஓய்ந்தபோது அந்தத் தண்ணீர் ஆசாமியையே உட்கார வைத்து அழுத்தவிட்டோம். ஒன்பதாவது நிமிடம் போனுக்குள் சைரன் கேட்டது. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், எங்கள் இ.எம்.டி.யின் குரல். யாரோ போனை அணைத்தார்கள்.

எங்கள் ஊரிலேயே வண்டி நிற்கிறது. ஏன் பக்கத்து ஊரிலிருந்து அனுப்பினீர்கள்?

நிற்கும் வண்டிக்கு ஏற்கெனவே ஒரு கேஸ் ஒதுக்கப்பட்டு, பைலட் கிளப்பப் போகிற நேரமாக இருக்கலாம். அல்லது நோயாளியை இறக்கிவிட்டு உள்ளே ரத்தம் கழுவிக்கொண்டிருக்கலாம். வண்டியின் வகையும் ஒரு காரணம். செயற்கை சுவாசக் கருவி உள்ள வண்டி வேறு, சாதாரண வண்டி வேறு, பச்சிளங்குழந்தைகளுக்கான வண்டி வேறு. நெரிசலில் முந்திப் போக பைக் ஆம்புலன்சும் உண்டு, ஆனால் அதில் படுக்க முடியாது.

மற்றொரு காரணம் வரைபடம். கொள்ளிடத்தின் தென்கரையில் தஞ்சாவூர் மாவட்டத்து வண்டி நிற்கும். வடகரையில், அரியலூர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து அழைப்பு வரும். திரையில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு மணல். பாலமோ வெகுதூரம் தள்ளி. கொல்லிமலையில் மேலே ஒரு வீடு, அடிவாரத்தில் ஒரு வண்டி என்றால், இடையில் இருப்பது எழுபது கொண்டை ஊசி வளைவு. ரயில்வே கேட், ஆடி மாதத் தேர், சந்தைநாள் எல்லாம் கணினிக்குத் தெரியாது. திரை சொல்லும் ‘அருகில்’ என்பதை அப்படியே நம்பாதவரே நல்ல அனுப்புநர். ஊர்களைப் பற்றி வம்பு பேசுபவர்கள் இந்த இருக்கைக்கு மிகவும் பொருத்தம் என்பது என் கருத்து.

விபத்தைப் பார்த்து நான் அழைத்தால் போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களா?

இழுக்க முடியாது. உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சி சொல்லும்படியோ வற்புறுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதலுக்கு உச்ச நீதிமன்றம் 2016இலேயே சட்ட வலு கொடுத்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று தனிப்பிரிவு வந்துவிட்டது. சிகிச்சைச் செலவு உங்கள் தலையில் விழாது. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடக்கிறது.

இறந்தவரை எடுத்துச்செல்ல 108 வருமா?

வராது. அதற்கு 155377, இலவச அமரர் ஊர்தி. பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் வீடு திரும்ப 102. மாட்டுக்கு 1962. உடல்நலச் சந்தேகம் கேட்க 104. மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று 108ஐ அழைத்தவர்களை நான் கோபித்துக்கொண்டதில்லை. அந்த வீட்டில் அது உயிர்தானே.

பொய் அழைப்புகள் வருமா?

வரும். போனை விளையாட்டுக்குக் கொடுத்துவைத்த குழந்தைகள், சட்டைப்பையில் தானாக அமுங்கிய எண்கள், ரீசார்ஜ் பாக்கி கேட்பவர்கள், தனிமையில் பேச்சுத்துணை தேடுபவர்கள். பேசாத அழைப்பை உடனே வைத்துவிட மாட்டோம். பேச முடியாத நிலையில் ஒருவர் இருக்கலாம் என்று கொஞ்சம் காத்திருந்து, திரும்பவும் அழைத்துப் பார்ப்போம். இரவு ஒரு மணிக்கு டாஸ்மாக் வாசலிலிருந்து வீட்டுக்கு இறக்கிவிடக் கேட்பவரை மட்டும் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

வேலையில் சேர என்ன தகுதி?

கட்டுப்பாட்டு அறைக்குப் பட்டப்படிப்பு, வேகமான தட்டச்சு, தமிழின் எல்லா வட்டாரங்களுக்கும் பழகிய காது. வண்டியில் போக விரும்பினால் வேறு கணக்கு. செவிலியம், ஆய்வக நுட்பம், விலங்கியல், தாவரவியல்போன்ற படிப்புகளை மருத்துவ உதவியாளருக்குக் கேட்பார்கள். வழக்கமான அறிவிப்புகளில் வயது 19 முதல் 30. பைலட்டுக்கு 24 முதல் 35, உயரம் 162.5 செ.மீ. இது ஒப்பந்த வேலை, அரசு வேலை அல்ல. வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் தரகர், அவரிடம் போகாதீர்கள். சம்பளத்தைப் பார்த்து இந்த வேலைக்கு வந்தவரை நான் கண்டதில்லை.

இரவில் தூக்கம் வருமா?

ஷிப்ட் மாறும் வாரம் வராது. அழைப்புகளால் வராமல் போவது வேறு. எனக்கு அழுகை ஒட்டாது. அழுகைக்குப் பின்னால் கேட்கும் சத்தங்கள் ஒட்டிக்கொள்ளும்: ஓடிக்கொண்டே இருந்த தொலைக்காட்சி, விசில் அடிக்கும் குக்கர். மாவு மில்லைக் கடக்கும்போது இன்றும் நடை தடுமாறும்.

அந்த மாவுக் கடைக்காரர் பிழைத்தாரா?

தெரியாது. வண்டி போய்ச் சேர்ந்ததும் அந்தக் கேஸ் என் திரையிலிருந்து போய்விடும், அடுத்தது வந்து நிற்கும். விசாரித்துத் தெரிந்துகொள்பவர்களும் உண்டு. நான் முதல் வருடத்திலேயே விசாரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

என் வீட்டில் இப்போதே செய்துவைக்கக் கூடியது ஏதாவது உண்டா?

முகவரியை எழுதி ஒட்டுங்கள். தபாலுக்கு எழுதும் முகவரி அல்ல, வண்டிக்குச் சொல்லும் முகவரி: மாவட்டம், பக்கத்து ஊர், எந்தச் சாலையில் திரும்ப வேண்டும், வாசலில் என்ன அடையாளம். கடையின் பெயரைவிடக் கோவில், தண்ணீர்த்தொட்டி, ரேஷன் கடை நல்ல அடையாளம். அவை இடம் மாறுவதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கும்போதோ, வேலைக்கு வரும் அம்மா மட்டும் இருக்கும்போதோ அவசரம் வந்தால் அவர்கள் பார்த்துப் படிக்க வேண்டும். ஒருவரைத் தெருமுனையில் விளக்கோடு நிற்க அனுப்புங்கள், நாயைக் கட்டுங்கள்.

என் அம்மா வீட்டில் சுவிட்ச் பலகைக்கு மேலே சிவப்பு மையில் பெரிய எழுத்தில் நானே எழுதிவைத்தேன். சுவர் அசிங்கமாக இருக்கிறது என்று அதன்மேல் மாதக் காலண்டரை மாட்டிவிட்டார். சண்டை போட்டதில், காலண்டரின் கீழ்ப்பக்கம் ‘தூக்கிப் பார்க்கவும்’ என்று எழுதிக்கொள்ள மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது.